நொண்டல் நின்றுவிட்டது, டெண்டன் ஆறிவிட்டதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஏழு வயதுத் தரோபிரெட் குதிரையைச் சவாரிக்காக வாங்கியிருக்கிறீர்கள். பத்து நாட்களுக்கு முன் அதைப் பாய்ச்சலில் ஓட்டிய மறுநாள் காலையில், இடது முன்னங்காலின் பின்பக்கம் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. நான்கு நாள் நொண்டியது. குளிர்ந்த நீர் விட்டு, வலி மருந்தும் கொடுத்ததில் இப்போது நொண்டல் இல்லை, வீக்கமும் பாதி வற்றிவிட்டது. லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் மெதுவாகச் சவாரியைத் தொடங்கலாம் என்கிறார்; பழைய குதிரைக்காரர் ஒருவர் சூடு போட்டால்தான் கால் உறுதிப்படும் என்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது, குதிரை மறுபடி ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். நீங்கள் விவரிக்கும் இடத்தையும் விதத்தையும் பார்த்தால், மேல் மடக்கு டெண்டன் என்று நாங்கள் சொல்லும் நாணில் நடுப்பகுதி சிதைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும்வரை குதிரையின் முதுகில் ஒருவரும் ஏறக் கூடாது. நொண்டல் நின்றதை நீங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் காயத்தில் குதிரைகளைக் கெடுப்பதே பெரும்பாலும் அந்தச் செய்திதான். வீக்கத்தால் வரும் வலி சில நாட்களில் தணிந்துவிடும், அறுந்த இழைகள் பின்னிக்கொள்ள ஓர் ஆண்டு ஆகும். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான இரண்டாவது காயங்கள் நிகழ்கின்றன.

குதிரையின் முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரிந்தால் மற்றவை எளிதாக விளங்கும். அந்த இடத்தில் தசை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. எலும்பு, அதன் பின்னால் கயிறு கயிறாக நாண்கள், மேலே தோல், அவ்வளவுதான். தோலுக்கு மிக அருகில் இருப்பது மேல் மடக்கு டெண்டன். அதற்கு உள்ளே ஆழ் மடக்கு டெண்டன். அதனோடு முழங்காலின் பின்புறமிருந்து வந்து சேரும் ஒரு துணை லிகமென்ட் உண்டு, செக் லிகமென்ட் என்பார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே, கேனன் எலும்பு என்னும் முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பை ஒட்டிக் கிடப்பது சஸ்பென்சரி லிகமென்ட். அது கீழே இரண்டு கிளையாகப் பிரிந்து குளம்புக்கு மேலுள்ள ஃபெட்லாக் மூட்டின் பின்னாலிருக்கும் இரண்டு சிறு எலும்புகளைப் பற்றி, மூட்டு தரையில் இடிக்காதபடி ஊஞ்சல்போலத் தாங்குகிறது. தசையை எலும்போடு கட்டுவது டெண்டன், எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட் என்பது பாடப்புத்தக வேறுபாடு. நம் ஊரில் இரண்டையும் சேர்த்து ‘நரம்பு’ என்றோ ‘ஜவ்வு’ என்றோ சொல்லிவிடுகிறோம், அதனால் ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்று கேட்டவுடன் எந்தக் கயிறு என்று திருப்பிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. எந்தக் கயிறு என்பதைப் பொறுத்தே சிகிச்சையும் காலமும் மாறும்.

மேல் மடக்கு டெண்டன் வெறும் இழுகயிறு அல்ல, அது ஒரு சுருள்வில். பாய்ச்சலில் ஒவ்வோர் அடிக்கும் நீண்டு, திரும்பச் சுருங்கி, அந்த விசையால் குதிரையை முன்னே தள்ளுகிறது. அரை டன் எடையுள்ள குதிரை முழுப் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு முன்னங்காலின் மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை இறங்குகிறது. அப்போது இந்த டெண்டன் தன் நீளத்தில் 16 சதவீதம்வரை நீள்கிறது. அறுபடும் எல்லைக்கு மிக அருகில் அது வேலை செய்கிறது என்பதே இதன் பொருள். நீண்டு சுருங்குவதில் வீணாகும் ஆற்றல் வெப்பமாக மாறி உள்ளேயே தேங்குகிறது. ஓடும் குதிரைகளின் டெண்டன் நடுவில் 45 டிகிரி செல்சியஸ்வரை வெப்பம் அளக்கப்பட்டிருக்கிறது. விளிம்பைவிட மையம் முதலில் சிதைவதற்கு இந்த வெப்பமும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பல மாதங்களாகக் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்து வந்தது ஒரு நாள் பாய்ச்சலில் விட்டுக்கொடுக்கிறது. உங்கள் குதிரைக்கும் காயம் அந்த ஒரு காலையில் தொடங்கியிருக்காது.

இனி, மருத்துவர் வந்தால் என்ன செய்வார், ஏன் செய்வார் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் நடையைப் பார்ப்பார். கெட்டியான சமதரையில் கயிற்றைத் தளரப் பிடித்து நேராக நடக்கவும், பிறகு டிராட் என்னும் மிதமான ஓட்டத்தில் ஓடவும் விடச் சொல்வார். முன்னங்கால் நொண்டலுக்குத் தலையே தராசு: வலியுள்ள கால் தரையைத் தொடும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தலை இறங்கும். பின்னங்கால் என்றால் இடுப்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும். நொண்டலை 0 முதல் 5 வரை தரப்படுத்தும் அமெரிக்க அளவுகோலே பரவலாகப் புழங்குகிறது. நேராக நடக்கும்போதே எப்போதும் தெரியும் நொண்டல் 4, காலை ஊன்றவே மறுப்பது 5. அதன்பின் வட்டத்தில், முதலில் கெட்டித் தரையிலும் பிறகு மெத்தென்ற தரையிலும் ஓட்டிப் பார்ப்பது உண்டு. குளம்பிலும் மூட்டிலும் உள்ள வலி கெட்டித் தரையில் கூடும். டெண்டனிலும் லிகமென்டிலும் உள்ள வலி மெத்தென்ற தரையில் கூடும், ஏனெனில் குளம்பு புதையும்போது பின்புறக் கயிறுகள் அதிகம் இழுபடுகின்றன. மணல் காலுக்கு இதம் என்று நம்பிக் காயம்பட்ட குதிரையை ஆழ்ந்த மணலில் நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் உங்கள் குதிரையைப் பொறுத்தவரை நடை தரும் சாட்சியத்தைவிட விரல் தரும் சாட்சியமே பெரியது. குதிரை நான்கு காலிலும் நிற்கும்போது பக்கவாட்டில் குந்தி, முழங்காலுக்குக் கீழ் பின்புற விளிம்பைக் கண்ணால் பாருங்கள். நல்ல காலில் அந்த விளிம்பு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இறங்கும். கெட்ட காலில் நடுவில் வெளிப்பக்கமாக லேசாக வளைந்திருக்கும், வில்லின் முதுகைப்போல. அடுத்து காலைத் தூக்கி மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது கயிறுகள் தளர்ந்துவிடும்; மேல் டெண்டனையும் ஆழ் டெண்டனையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தனித்தனியே பிரித்துப் பிடிக்க முடியும். நல்ல டெண்டன் உலர்ந்த கயிறுபோல ஓரம் தெளிவாக, விரலுக்கடியில் வழுக்கிப் போகும். காயம்பட்டது ஓரம் தெரியாமல் மாவு பிசைந்ததுபோல் இருக்கும். மெல்ல அழுத்தினால் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும் அல்லது காதைப் பின்னே மடக்கும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு சென்டிமீட்டராக வாருங்கள். பிறகு வலது காலிலும் அதே அழுத்தத்தில் செய்யுங்கள், ஏனெனில் சில குதிரைகள் எங்கே அழுத்தினாலும் காலை இழுக்கும். புறங்கையை வைத்துச் சூட்டையும் ஒப்பிடலாம்; வெயிலிலிருந்து வந்தவுடன் பார்க்காமல், காலையில் லாயத்துக்குள்ளேயே, பட்டி கட்டாத காலில் பாருங்கள்.

ஏமாற்றும் வீக்கங்களும் உண்டு. பட்டியை இறுக்கிக் கட்டினால் அந்த அழுத்தத்தாலேயே பின்புறம் இதேபோல் புடைக்கும். அங்கே தோலும் அதனடியும் மட்டுமே வீங்கியிருக்கும், டெண்டன் நன்றாக இருக்கலாம். கால் முழுவதும் உருண்டு வீங்கி, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் தோலடித் தொற்றை நினைக்க வேண்டும். பின்புறம் வெட்டுக்காயம் இருந்து குதிரை காலை ஊன்ற மறுத்தால் அது வேறு கதை, அவசரமான கதை. மேல் டெண்டன் வெட்டுப்பட்டால் ஃபெட்லாக் சற்று இறங்கும், ஆழ் டெண்டனும் போனால் ஊன்றும்போது குளம்பின் நுனி மேலே தூக்கிக்கொள்ளும், சஸ்பென்சரியும் சேர்ந்து போனால் மூட்டு தரையைத் தொடும். அந்த நிலையில் கட்டை வைத்துக் கட்டி, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி போட்டு வலி எங்கிருந்து வருகிறது என்று தேடும் முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரியும் உங்கள் குதிரைக்கு அது தேவையில்லை; தேவையில்லை என்பதோடு, வலி தெரியாமல் டிராட்டில் ஓடவிட்டுப் பாதி அறுந்த டெண்டனை முழுதாக அறுத்துவிடும் ஆபத்தும் உண்டு. வெளியே எதுவும் தெரியாத நொண்டலுக்குத்தான் அது ஏற்றது. குளம்புக்கு மேலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறி, ஒவ்வோர் உணர்வு நரம்பாக மரத்துப்போகச் செய்து, எந்த ஊசிக்குப் பிறகு நொண்டல் மறைகிறது என்று பார்ப்பார்கள். சஸ்பென்சரி லிகமென்டின் மேல்முனைக் காயம் இப்படித்தான் பெரும்பாலும் பிடிபடுகிறது. அந்த இடம் எலும்புகளுக்கு நடுவே ஆழத்தில் ஒளிந்திருப்பதால், குறிப்பாகப் பின்னங்காலில், வீக்கமும் தெரியாது, விரலும் எட்டாது. அங்கும் மருந்து அருகிலுள்ள மூட்டுக்குள் கசிந்து தவறான விடை தருவது உண்டு என்பதால் ஊசியின் விடையை மட்டும் நம்பி யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

தீர்ப்பு ஸ்கேனில்தான் இருக்கிறது. முடியை மழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஜெல் தடவி, முழங்காலின் பின்னெலும்பிலிருந்து கீழே ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்காகவும் நெடுக்காகவும் படம் எடுக்க வேண்டும். குறுக்குப் படத்தில் ஆரோக்கியமான டெண்டன் சீராக வெளுத்துத் தெரியும். காயம்பட்டதில் நடுவே ஒரு கரும்பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு டெண்டனின் பரப்பில் எத்தனை பங்கு, மேலிருந்து கீழாக எத்தனை சென்டிமீட்டர் நீளம், நெடுக்குப் படத்தில் இழைகள் இணையாக ஓடுகின்றனவா கலைந்து கிடக்கின்றனவா, டெண்டனின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பவற்றை எண்ணாகக் குறிக்கச் சொல்லுங்கள். ‘லேசான காயம்’ என்ற சொல்லை வைத்து மூன்று மாதம் கழித்து எதையும் ஒப்பிட முடியாது. முதல் சில நாட்களில் காயம் விரியும் என்பதால், அன்றே எடுத்த ஸ்கேன் உண்மையைக் குறைத்துக் காட்டக்கூடும். ஒரு வாரம் கழித்து எடுப்பதே நம்பகமானது. பத்து நாள் கழிந்துவிட்ட உங்களுக்கு இப்போது சரியான நேரம். சஸ்பென்சரி என்றால் எக்ஸ்ரேயும் வேண்டும், லிகமென்ட் எலும்பைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆழ் டெண்டன் குளம்புக்குள்ளே கிழிந்திருந்தால் குளம்பின் கொம்புச் சுவரைத் தாண்டி அல்ட்ராசவுண்ட் போகாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும்.

ஸ்கேன் எவ்வளவு பெரிய முடிவை மாற்றும் என்பதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012இல் ‘ஐல் ஹாவ் அனதர்’ என்ற குதிரை கென்டகி டெர்பியையும் பிரீக்னஸையும் வென்று, 1978க்குப் பிறகு அதுவரை அமெரிக்காவில் எவரும் எடுக்காத மும்முடியை, அதாவது மூன்று பெரும் பந்தயங்களின் வெற்றியை, எடுக்கப் பெல்மான்ட் பந்தயத்துக்காகக் காத்திருந்தது. பந்தயத்துக்கு முந்தைய நாள் இடது முன்னங்காலில் டெண்டன் அழற்சி என்று தெரிந்து விலக்கிவிட்டார்கள். அது மறுபடி ஓடவே இல்லை. அத்தனை பெரிய பரிசு கண்முன் இருந்தும் அவர்கள் நிறுத்தினார்கள்.

சிகிச்சைக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் வீக்கத்தை அடக்குவது மட்டுமே வேலை. ஒரு தடவைக்கு இருபது நிமிடமாக நாளுக்கு மூன்று நான்கு முறை பனிக்கட்டி அல்லது குளிர்நீர், இடையில் பஞ்சு வைத்துச் சீரான அழுத்தத்தில் பட்டி, லாயத்துக்குள் ஓய்வு. ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்தை மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் கொடுங்கள். நீண்ட நாள் கொடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும், அதோடு வலியை மறைத்து உங்களை ஏமாற்றும். உங்கள் குதிரையின் நொண்டல் நின்றதில் அந்த மருந்துக்கு எவ்வளவு பங்கு என்று யோசித்துப் பாருங்கள். டெண்டனுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள், அது இழை உருவாவதையே கெடுக்கும்.

அதன்பின் உண்மையான மருந்து நடைதான். முழு ஓய்வு கொடுத்தால் புதிய இழைகள் சிக்குண்ட நூல்கண்டுபோல எல்லாத் திசையிலும் வளரும்; அளவான இழுப்புக் கொடுத்தால்தான் அவை ஒரே திசையில் அடுக்கிக்கொள்ளும். வழக்கமான அட்டவணை ஒன்று: மூன்றாம் வாரத்தில் கையில் பிடித்து நாளுக்கு 10 நிமிட நடை, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிப் பத்தாம் வாரத்தில் 45 நிமிடம். பன்னிரண்டாம் வாரத்தில் ஸ்கேன். தேறியிருந்தால் அந்த நடைக்குள் 5 நிமிட டிராட் சேர்த்து, மாதத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டுவது. கேன்டர் என்னும் மெதுவான பாய்ச்சல் எட்டாம் மாதம் வாக்கில். முழுப் பாய்ச்சல் ஓராண்டுக்கு முன் வேண்டாம். ஒவ்வொரு படி ஏறும் முன்னும் ஸ்கேன் எடுங்கள். டெண்டனின் பரப்பு முந்தைய தடவையைவிட பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், குதிரை எவ்வளவு நன்றாக நடந்தாலும் ஒரு படி இறக்குங்கள். என்னிடம் வந்த குதிரை ஒன்று நான்காம் மாதத்தில் குறையே சொல்ல முடியாதபடி ஓடியது. உரிமையாளர் ஸ்கேன் செலவை மிச்சம் பிடித்து நேரே கேன்டருக்குப் போனார். இரண்டு வாரத்தில் பழைய காயத்துக்கு மேலேயே புதிய காயம், முதலாவதைவிட இரண்டு மடங்கு நீளமாக. ஓய்வுக்காலத்தில் திறந்த மைதானத்தில் அவிழ்த்துவிடுவதும் இதே கணக்கில்தான் சேரும். துள்ளிக் குதித்து ஓடும் பத்து வினாடி போதும். தானியத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கோலைக் கூட்டினால் குதிரை லாயத்தில் அமைதியாக இருக்கும்.

சூடு போடுவதைப் பற்றி. நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டதுதான், நம் ஊர்க் கால்நடைகளின் உடம்பிலும் அந்தத் தழும்புகளைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1983இல் வெளியிட்ட முடிவு, சூடு போடுவதால் டெண்டன் ஆறுவதற்கு எந்தப் பயனும் இல்லை என்பதே. 1991இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் அரச கல்லூரி அதை அறத்துக்குப் புறம்பானதாக அறிவித்தது. சூடு போட்ட குதிரைகள் சில தேறினவே என்றால், சூட்டின் வலியால் அவற்றுக்குக் கிடைத்த பல மாத ஓய்வுதான் தேற்றியது. அந்த ஓய்வைச் சூடு இல்லாமலே கொடுக்கலாம். தோலைப் புண்ணாக்கும் காரக் களிம்புகளுக்கும் இதே பதில்.

புதிய முறைகளில் இரண்டு கவனத்துக்குரியவை. குதிரையின் சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே கரும்பொட்டுக்குள் செலுத்துவது ஒன்று, பிஆர்பி என்பார்கள். மார்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் பெருக்கி, காயம் தழும்பாகும் முன்னே செலுத்துவது மற்றொன்று. இங்கிலாந்தில் குருத்தணு பெற்ற 113 பந்தயக் குதிரைகளை இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 27 சதவீதம் மறுபடி காயப்பட்டன. பழைய சிகிச்சைகளுக்கு எழுதப்பட்டுள்ள எண்களைவிட இது கணிசமாகக் குறைவு. ஆனால் அதே காலத்தில் சிகிச்சை பெறாத குதிரைகளை உடன் வைத்து ஒப்பிடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கரும்பொட்டு பெரியதாக இருந்து கைவசம் பணமும் இருந்தால் பிஆர்பி போடச் சொல்வேன். பணம் ஒன்றுக்கே போதும் என்றால் அதை ஊசியில் போடாமல் நான்கு ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதிர்வலைச் சிகிச்சை சஸ்பென்சரியின் மேல்முனைக் காயத்துக்குப் பயன்படுகிறது, மேல் டெண்டனுக்கு அதன் பயன் தெளிவாக இல்லை. வலியைச் சில நாள் மறைக்கும் குணமும் அதற்கு உண்டு.

லாடத்தில் குதிகாலை உயர்த்தச் சொல்லி ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது ஆழ் டெண்டனின் சுமையைக் குறைக்கும்; மேல் டெண்டனுக்குச் சுமை குறையாது, கூடவும் கூடும். நுனி நீண்டிருந்தால் அதைக் குறைத்துக் குளம்பைச் சமன் செய்யச் சொல்லுங்கள், அது போதும்.

மறுபடி ஓடுமா என்றால், சவாரிக்கும் சிறு தாண்டல்களுக்கும் பெரும்பாலும் திரும்பும். பாய்ச்சல் பந்தயத்துக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆறிய இடத்தில் உருவாவது பழைய இழை அல்ல, தழும்பிழை. அது வலிமையாக இருக்கும், ஆனால் விறைப்பானது. அது நீளாத பங்கை அதன் மேலும் கீழும் உள்ள நல்ல பகுதி நீண்டு ஈடுகட்ட வேண்டியிருப்பதால், அடுத்த காயம் பெரும்பாலும் அந்த எல்லையில் வரும். மற்றொரு காலிலும் வரலாம். இரண்டு முன்னங்கால்களும் ஒரே பந்தயங்களை ஓடியவை, ஒன்றில் காயம் வெளிப்பட்டபோது மற்றதில் லேசான சிதைவு ஏற்கெனவே இருப்பது வழக்கமே. ஆகவே ஸ்கேனுக்கு வரும் மருத்துவரிடம் வலது காலின் முடியையும் மழிக்கச் சொல்லுங்கள். படங்களில் தேதியும், எந்தக் கால், முழங்காலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வாரத்தில் வேறொரு மருத்துவர் வந்தாலும் அவருக்கு முதலில் தேவைப்படுவது அவைதான்.